மூன்றாவது பெஞ்சுக்கு யார் கையெழுத்து?

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த பிள்ளைக்குப் பென்னிகுயிக் யாரென்று பாடம் நடத்த வேண்டியதில்லை. ஜனவரி 15 அன்று அவருக்குப் பொங்கல் வைக்கிற ஊர் இது. ஆனால் அவர் கட்டிய முல்லைப் பெரியாறு அணைக்கு ஆதாரமான பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், ‘999 வருஷக் குத்தகை’ என்பதற்கு மேல் பதில் வராது. பெரியவர்களிடமும்தான்.

அதனால் ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பத்திரத்தைப் பேரமாகவே நடத்துகிறேன். ஒரு பக்கம் மெட்ராஸ் ராஜதானி, எதிரே திருவிதாங்கூர். எல்லாரும் மெட்ராஸாக இருக்கத்தான் முண்டியடிப்பார்கள். நான் வேண்டுமென்றே இருபோகம் நெல் போடும் வீட்டுப் பையனைத் திவானாக உட்கார வைப்பேன். “கேரளாக்காரனுக்கு வக்காலத்து வாங்கவா சார் சொல்லித் தர்றீங்க?” என்று ஒரு தகப்பனார் சண்டைக்கே வந்துவிட்டார். ஆமாம், அதற்குத்தான். எதிர்த்தரப்பின் வாதம் தெரியாமல் நம் உரிமையை யாரிடம் பேசி நிலைநாட்டப்போகிறோம்?

1886 அக்டோபர் 29இல் கையெழுத்தானது அந்தப் பத்திரம். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய், ஆக வருஷத்துக்கு 40,000. அதையும் ரொக்கமாகத் தரமாட்டார்கள். திருவிதாங்கூர் பிரிட்டிஷாருக்குக் கட்டும் கப்பத்தில் கழித்துக்கொள்வார்கள். இதைப் படித்ததும் ‘திவான்’ கேட்ட கேள்வி, நான் பாடக்குறிப்பில் எழுதி வைத்த எதையும்விட நல்ல கேள்வி: “மாட்டேன்னு சொன்னா என்ன சார் ஆகும்?” 1840இல் நியூசிலாந்தின் வைதாங்கியில் மாவோரித் தலைவர்கள் பிரிட்டிஷாரோடு கையெழுத்திட்ட உடன்படிக்கையையும், கனடாவில் ஆதிகுடிகளோடு போட்ட உடன்படிக்கைகளையும் சொல்ல அதைவிடத் தோதான இடம் ஏது? கப்பம் கட்டுகிறவனும் வாங்குகிறவனும் பேசும் பேரத்தில் சம்மதம் என்பதற்கு எவ்வளவு மதிப்பு என்று நாலு பேர் வாக்குவாதம் செய்தால் போதும்.

பத்திரத்தில் மின்சாரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த நீரில் மின்சாரம் எடுக்கலாமா என்ற வழக்கு நடுவரிடம் போய், நீர் பாசனத்துக்கு மட்டுமே என்று 1941இல் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி தீர்ப்புச் சொன்னார். 1970இல் தமிழகமும் கேரளமும் மறுபடி பேச உட்கார்ந்தன: வாடகை ஏக்கருக்கு 30 ரூபாய், மின்சாரம் எடுக்கத் தமிழகம் தனியே கட்டணம் தரும், மீன்பிடி உரிமை கேரளத்துக்கு.

அந்த மீன்பிடி உரிமையில்தான் மூன்றாவது பெஞ்ச் வருகிறது. அணையால் உண்டான ஏரியின் கரைக் காடுகளில் வாழ்ந்தவர்கள் பழங்குடிகளான மன்னான்களும் பளியர்களும். 1886இலும் 1970இலும் அவர்கள் கையெழுத்து கிடையாது. காட்டின் உள்ளிருந்து குமுளிப் பக்கம் குடியமர்த்தப்பட்டு, மன்னாக்குடி, பளியக்குடி என்று இன்றைக்கும் இருக்கிறார்கள். மீன்பிடி உரிமை இரண்டு அரசுகளுக்கு இடையே கைமாறியது. அந்த ஏரியில் வலை போடும் மன்னானை ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே மூன்று பிள்ளைகளை நடுவில் உட்கார வைத்தேன். ‘எங்க மீன், எங்க தேன், எங்க காடு’ என்று அவர்கள் ஒரு ஷரத்து கேட்டார்கள். அதுவரை ஒருவரை ஒருவர் குதறிக்கொண்டிருந்த மெட்ராஸும் திருவிதாங்கூரும் ரெண்டே நிமிஷத்தில் கூட்டுச் சேர்ந்து, ‘அது பிறகு பார்த்துக்கலாம்’ என்றார்கள். எந்தப் பாடநூலும் அதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்காது.

ஆனால் இலை தழை கட்டி, முகத்தில் கரி பூசி ஆடும் நாடகமாக இதை ஆக்கிவிடக் கூடாது. வகுப்பில் பளியர் வீட்டுப் பிள்ளை இருந்தால், ‘நீதான் அந்தப் பாத்திரம்’ என்று அவன் தலையில் கட்டவும் கூடாது. அவன் விரும்பினால் திவானாக வரட்டும். ஆண்டு விழாவுக்கு இதைத் தயார்செய்யச் சொல்லும் தலைமையாசிரியர்களிடம் நான் மறுத்துவிடுவேன்.

பாடநூல் தயாரிப்பவர்கள் 1886 பத்திரத்தின் ஷரத்துகளையும், 1970 திருத்தத்தையும், மூன்றாவது பெஞ்சுக்காக 2006 வன உரிமைச் சட்டத்தின் பிரிவுகளையும் தமிழில் ஒரு பத்துப் பக்கம் அச்சிட்டுக் கொடுத்தால் போதும். இப்போது நாங்கள் ஜெராக்ஸ் எடுத்து ஒப்பேற்றுகிறோம்.