பாட்டியின் மருந்து டப்பா

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் என் பாட்டி. தோட்டம் கைமாறியதும் ஈப்போவிற்கு எங்களோடு குடிவந்தார். மூட்டுவலியும் கூடவே வந்தது.

நொச்சி இலை ஒத்தடமும் முடக்கத்தான் ரசமும் அவரின் கைவைத்தியம். மருத்துவர் தந்த வலி மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தெரிந்தவர் ஒருவர் 'மூலிகைக் குளிகை' கொடுத்தார். மூன்றே நாளில் வலி பறந்தது! சில மாதங்களில் முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது. ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்றார் மருத்துவர்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த 'பாரம்பரிய' மருந்துகள் குறித்து நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது.

ஆங்கில மருந்தும் குற்றமற்றதன்று. வலி மாத்திரைகளை நீண்டநாள் உண்டால் வயிறும் சிறுநீரகமும் கெடலாம். மாரடைப்பு அபாயத்தால் 'வயோக்ஸ்' மாத்திரை 2004இல் உலகச் சந்தையிலிருந்தே மீட்டுக்கொள்ளப்பட்டது. ஆயினும் அதன் பெயரும் அளவும் அட்டையில் இருந்ததால்தான் ஆய்வு செய்து குறை காண முடிந்தது. பெயரில்லாக் குளிகையை யார் ஆராய்வது?

நான் மூலிகைக்கு எதிரியல்ல. உள்ளிருப்பது என்னவென்று சொல்லாத மருந்தைத்தான் எதிர்க்கிறேன்.

நண்பர்களே, விடுமுறைக்கு வீடு திரும்பும்போது தாத்தா பாட்டியின் மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். பதிவுபெற்ற பாரம்பரிய மருந்தில் 'எம்.ஏ.எல்.' எனத் தொடங்கி 'டி' என முடியும் எண் இருக்கும். இல்லையேல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டாக இருந்தால் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

பல்கலைக்கழகம்வரை படித்த நாம், அந்த ஓர் எண்ணை அவர்களுக்காகப் படிக்கக் கூடாதா?