மாவு புளிப்பதற்குள் தெருவுக்கு வாருங்கள்



உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இந்த நேரம் எவ்வளவு இட்லி மாவு இருக்கிறது? விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஐப்பசி பிறந்துவிட்டது. இனி மார்கழி பாதி வரைக்கும் வங்கக் கடலில் எந்தக் காற்றழுத்தத் தாழ்வு எப்போது பெயர் சூட்டிக்கொண்டு நம் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. திரும்பினால் முதலில் போவது கரண்ட். கரண்ட் போன மறுநாள், மூடியைத் தள்ளிக்கொண்டு வழிவது அந்த மாவு.

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை, வர்தா புயல் அடித்தது. மறுநாள் காலை திருவான்மியூரில் எங்கள் தெருவில் ஏறக்குறைய எல்லா வீட்டு மாவும் ஒரே நேரத்தில் பொங்கிவிட்டது. சிலர் சாக்கடையில் கொட்டினார்கள். கொட்ட மனம் வராத நாலைந்து வீட்டுப் பெண்கள் வாசலில் மூன்று செங்கல்லை வைத்து, யாரோ பரணிலிருந்து இறக்கிய பழைய இரும்புக் கல்லைப் போட்டு, தோசை வார்க்க உட்கார்ந்தார்கள். தெருவே கூடியது. பத்து வருடம் எதிரெதிர் வீட்டில் இருந்தும் பெயர் தெரியாதவர்கள் அன்று மிளகாய்ப்பொடிக்கு எண்ணெய் கேட்டுக்கொண்டார்கள். அந்த அடுப்பைச் சுற்றி நின்றவர்களில் சிலர்தான் இதை எழுதுகிறோம். எங்களுக்குச் சங்கமோ பதிவெண்ணோ கிடையாது.

வர்தாவை மறந்தவர்களுக்காகக் கொஞ்சம். காலையிலிருந்து காற்று. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் புயலின் கண் நகரைக் கடந்தபோது சில பகுதிகளில் காற்று சட்டென்று அடங்கியது. ஓய்ந்துவிட்டது என்று நினைத்து வெளியே வந்தவர்கள் உண்டு. கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடித்தது; காலையில் ஒருபக்கமாகச் சாய்ந்து தாங்கிய மரங்கள் அப்போது பெயர்ந்தன. அதற்கு ஒரு மாதம் முன்பு, நவம்பர் 8 அன்று, ஐந்நூறு ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயிருந்தன. கையில் நோட்டு இல்லை, ஏ.டி.எம். இயங்கவில்லை, கடைகளில் கார்டு தேய்க்கும் இயந்திரத்துக்கு உயிரில்லை. பணம் இருப்பவரும் இல்லாதவரும் மூன்று நாட்களுக்கு ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தோம். இன்றைக்கு நோட்டு இருக்கிறது, ஆனால் பையில் யாரும் வைத்துக்கொள்வதில்லை. கீரைக்காரம்மாவுக்குக்கூட போனைக் காட்டித்தான் பணம் கொடுக்கிறோம். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் கரையைத் தொடாமலே, கடலில் நின்றபடியே ஊரை மூழ்கடித்தபோது கரண்டோடு செல்போன் சிக்னலும் போனது. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் பல தெருக்களில் நாள்கணக்கில் இருட்டு. நமக்கு அந்த அளவு இல்லை. கடலோர மணல் மேட்டில் இருப்பதால் நம் தெருக்களில் தண்ணீர் சீக்கிரம் வடிகிறது. அந்த நல்ல யோகத்தாலேயே நாம் எந்த ஏற்பாடும் செய்யாமல் இருக்கிறோம் என்பது எங்கள் குற்றச்சாட்டு, எங்களையும் சேர்த்துத்தான்.

“கேஸ் அடுப்புக்குக் கரண்ட் எதற்கு? அவரவர் வீட்டில் சமைத்துக்கொள்ளலாமே” என்று கேட்பீர்கள். நியாயம்தான். எல்லோரிடமும் கேஸ் இருக்கிறதா என்று பார்ப்போம். இடம் போதவில்லை என்று இண்டக்ஷன் அடுப்போடு நிறுத்திக்கொண்ட சின்ன ஃபிளாட்டுகள் இங்கே நிறைய. ஐ.டி. பிள்ளைகள் தங்கியிருக்கும் பி.ஜி. விடுதிகளில் அடுப்பே கிடையாது. செல்போன் ஆப்தான் அவர்களுக்குச் சமையலறை, புயலில் அதுவும் மூடிவிடும். சிலிண்டர் அன்றைக்குப் பார்த்துத் தீர்ந்தால் ஒரு வாரத்துக்கு வண்டி வராது. மீனவக் குப்பத்தில் கூரை பறந்த வீட்டில் அடுப்பு இருந்து என்ன பயன்? கேஸ் இருக்கும் வீட்டிலும் மோட்டார் ஓடாமல் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறாது, மிக்ஸி ஓடாது, லிஃப்ட் ஓடாது. எழுபத்தெட்டு வயதில் முழங்கால் வலியோடு ஒரு குடம் தண்ணீரைப் படியேற்றி யார் சமைப்பது?

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான்: தெருவுக்கு ஒரு பொது அடுப்பு. புயல் வந்த பிறகு ஓடித் தேடாமல், இப்போதே இடம் பார்த்து, பாத்திரம் பார்த்து, ஆள் பார்த்து வைக்க வேண்டும்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அடுக்குமாடிக்காரர்கள் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கீழ்த்தள கார் பார்க்கிங். மேலே தளம், மழை படாது, தரை காய்ந்திருக்கும். தயவுசெய்து அங்கே வேண்டாம். அங்கேதான் இருபது பைக் பெட்ரோலோடு நிற்கிறது, மீட்டர் போர்டு இருக்கிறது, பல கட்டடங்களில் ஜெனரேட்டரும் இருக்கிறது. மூன்று பக்கம் சுவர் உள்ள இடத்தில் விறகோ கரியோ எரிந்தால் கார்பன் மோனாக்சைடு தேங்கும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், தூக்கம் என்று வரும். பசிக் களைப்பு என்று படுத்தவர் எழுந்திருக்க மாட்டார். 2020-இல் அமெரிக்காவின் லூசியானாவை லாரா புயல் தாக்கியபோது, காற்றுக்கும் வெள்ளத்துக்கும் தப்பிய பலர் பிறகு வீட்டோரம் ஓட்டிய ஜெனரேட்டரின் புகையில் மாண்டார்கள். கரி அடுப்பைக் குளிருக்கு அறைக்குள் எடுத்துப் போவதும், ஜெனரேட்டரை மாடிப்படிக்குக் கீழே ஓட்டுவதும் ஒன்றுதான். அடுப்பு திறந்த வெளியில் இருக்கட்டும். மழை தூறினால் நான்கு கம்பு நட்டு, ஆள் உயரத்துக்கு மேலே தார்ப்பாய் கட்டலாம். சுற்றிலும் திறந்திருக்க வேண்டும். சாய்ந்த மரத்தடி, தொங்கும் கம்பி, ஈ.பி. பில்லர் பாக்ஸ் பக்கம் கூடாது. கடற்கரை மணலும் வேண்டாம். காற்று ஓய்ந்த பிறகும் அலை இரண்டு நாள் அடங்காது. முக்கியமாக, புயல் அடிக்கும்போது யாரும் அடுப்பு மூட்டக் கூடாது. அன்றைக்கு அவலும் வெல்லமும் வாழைப்பழமும் போதும்.

விறகு? தெருவெல்லாம் மரம் விழுந்து கிடக்கிறதே என்று வெட்டிக் கொண்டுவராதீர்கள். பச்சைத் தூங்குமூஞ்சிக் கட்டை எரியாது, கண்ணைத்தான் எரிக்கும். அரளி விஷம், அதன் புகையும் ஆகாது. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் துண்டு எதுவும் அடுப்புக்குள் போகக் கூடாது. இரண்டு கட்டு சவுக்கு விறகை இப்போதே வாங்கி மாடிப்படிக்கடியில் வைத்துவிடலாம். தென்னை இருக்கும் வீட்டுக்காரர்கள் காய்ந்த பாளையையும் மட்டையையும் குப்பை வண்டியில் போடாமல் ஒரு மூட்டை எடுத்து வையுங்கள்; ஈரக் காலத்தில் தீ பிடிக்க அதற்கு மிஞ்சியது இல்லை. கல்யாண அடுப்பும் சிலிண்டரும் கிடைத்தால் இன்னும் சுலபம். அண்டா, அன்னக்கூடை, நீளக் கரண்டி எல்லாம் ஷாமியானா கடையில் வாடகைக்கு உண்டு. ஆனால் புயலன்று அந்தக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்க முடியாது. வானிலை எச்சரிக்கை வந்த அன்றே எடுத்துவிட வேண்டும்.

என்ன சமைப்பது என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. அனுபவத்தில் கண்டது இதுதான். கதவைத் திறக்காமல் வைத்தால் ஃப்ரிட்ஜின் குளிர் நாலு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள்வரை தாங்கும். எனவே முதல் வேளை மாவும் பாலும் தயிரும் காலியாக வேண்டும்: தோசை, பாயசம், மோர்க்குழம்பு. அடுத்தது காய்கறி. மூன்றாம் நாளிலிருந்து அரிசி, பருப்பு, ரவை. வெண்பொங்கலைப் போல் ஒரு வரப்பிரசாதம் இல்லை. ஒரே பாத்திரம், தொட்டுக்கொள்ள ஊறுகாய் போதும், பல் இல்லாதவரும் சாப்பிடுவார், குழந்தையும் சாப்பிடும். ஒரு கிலோ அரிசி போட்டால் எட்டுப் பத்துப் பேருக்கு வரும். பிரயாணத்துக்குக் கட்டும் புளியோதரை மறுவேளைக்கும் கெடாது. மீந்த வெறும் சோற்றை மூடி வைத்து மறுநாள் சூடு பண்ணிக் கொடுக்க வேண்டாம். வயிறு கெட்டால் மருந்துக் கடையும் திறந்திருக்காது. தொட்டியில் வெள்ளத் தண்ணீர் கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், அந்தத் தண்ணீர் கொதித்துக் குமிழ் விட்ட பிறகே வாய்க்குப் போக வேண்டும். ஓர் அடுப்பை வெந்நீருக்கென்றே ஒதுக்கினால் நல்லது.

பொதுப் பானை சைவமாகவே இருக்கட்டும், எல்லோரும் சாப்பிடலாம். யாராவது பக்கத்தில் கருவாடு சுட்டால் மற்றவர்கள் மூக்கைப் பொத்தாமல் இருக்கட்டும். இதை எழுதலாமா என்று யோசித்தோம், எழுதிவிடுகிறோம்: போன முறை ஒருவர், கரண்டி பிடித்தது யார் என்று விசாரித்துவிட்டுத் தட்டைத் திருப்பி எடுத்துப் போனார். கரண்டி பிடித்தவர் அதே அடுக்குமாடியில் நாலு வீட்டில் வருடக்கணக்காகச் சமைப்பவர். அந்த விசாரணைக்கு எங்கள் அடுப்பில் இடமில்லை. பானை எல்லோருக்கும் ஒன்றுதான்.

குப்பத்து மக்களுக்கு நாம் உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது வழக்கம். வர்தாவுக்கு மறுநாள் எங்கள் தெருவை அடைத்துக் கிடந்த புங்க மரத்தை வெட்டி, படகுக் கயிறு கட்டி இழுத்து ஒதுக்கியவர்கள் குப்பத்துப் பையன்கள். காற்றில் தீ அணையாமல் அடுப்பைத் திருப்பி வைக்கச் சொல்லிக் கொடுத்ததும் அங்கிருந்து வந்த ஒரு மீன்கார அம்மாதான். எச்சரிக்கைக் கூண்டு ஏறிய நாளிலிருந்து அவர்களுக்குத் தொழில் இல்லை. வேலைக்குக் கூப்பிடுங்கள், கூலி கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். வீட்டு வேலைக்கு வருபவர்கள் வெள்ளத்தால் வர முடியாத நாட்களுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள்.

அடுத்து, கதவைத் தட்டும் வேலை. அடுப்பைவிட இது பெரியது. ஒவ்வொரு தெருவிலும் மூன்று நான்கு வீடுகளில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள்; பிள்ளைகள் நியூ ஜெர்சியிலும் சிங்கப்பூரிலும். சிக்னல் போனதும் அங்கே பிள்ளைகளுக்குப் பைத்தியம் பிடிக்கும், இங்கே பெரியவர்கள் “யாருக்கும் தொந்தரவு வேண்டாம்” என்று பிஸ்கட்டைத் தின்று படுத்துவிடுவார்கள். கேட்டில் நின்று குரல் கொடுத்தால் போதாது. மாடியேறிப் போய்க் கதவைத் தட்டுங்கள். கையில் ஒரு சொம்பு வெந்நீர் இருந்தால் அவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆக்சிஜன் இயந்திரமோ நெபுலைசரோ வைத்திருப்பவர் யார், இன்வெர்ட்டர் இருக்கும் பக்கத்து வீடு எது என்று இப்போதே எழுதி வையுங்கள். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின்களில் பெரும்பாலானவை முப்பது டிகிரிக்குள் நாலு வாரம் தாங்கும். பிரிக்காத குப்பிகளுக்குத்தான் குளிர்ச்சி அவசியம். அவற்றைக் கவரில் சுற்றி, ஈரத்துணி போர்த்திய மண்பானையில் வைக்கலாம். இன்வெர்ட்டர் வீட்டுக்காரர்கள் வாசலில் ஒரு பிளக் பலகையை நீட்டி வைத்தால், அரை மணி நேரத்தில் பத்துப் பேர் போனுக்கு உயிர் வரும். பி.ஜி. பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியவில்லை என்று தயங்காதீர்கள். “சாப்பாடு” அவர்களுக்குப் புரியும்.

மின்வாரியத்தாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வர்தாவின்போது மற்ற மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வந்து கம்பம் நட்டார்கள். ஊர் தெரியாது, மாற்றுத் துணி கிடையாது. அவர்களைச் சுற்றி நின்று “எங்க லைன் எப்போ சார் வரும்?” என்று நூறு பேர் கேட்டோம். சாப்பிட்டீர்களா என்று கேட்டவர்கள் குறைவு. இந்த முறை முதல் பந்தி அவர்களுக்கு. ஜெனரேட்டர் ஓட்டுபவர்கள் மெயின் சுவிட்சை அணைக்காமல் வீட்டு ஒயரிங்கில் இணைத்தால், அந்த மின்சாரம் திரும்பி ஓடிக் கம்பத்தில் நிற்பவர் கையில் பாயும். தண்ணீர் தேங்கிய இடத்தில் பில்லர் பாக்ஸ் இருந்தால் அந்த வழியே போகாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள்.

பேப்பரில் எழுதி சமையலறைச் சுவரில் ஒட்ட வேண்டிய எண்கள்: மின் புகாருக்கு மின்னகம் 94987 94987, மாநகராட்சி 1913, கேஸ் கசிவுக்கு 1906, ஆம்புலன்ஸ் 108. செல்போனில் சேமித்தால் போதாது, சார்ஜ் தீர்ந்தால் எண்ணும் போய்விடும்.

பொது அடுப்பு புதிதாக நாங்கள் கண்டுபிடித்ததல்ல. 2015 வெள்ளத்தில் தி.நகர் குருத்வாராவிலும், எத்தனையோ பள்ளிவாசல்களிலும் கோயில் மண்டபங்களிலும் அண்டா அண்டாவாகச் சமைத்து இந்த ஊருக்கு ஊட்டினார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த டெல்டா கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாதபோது, பள்ளிக்கூட வாசலில் ஊர்ப் பொது அடுப்பு எரிந்தது. அங்கே கூப்பிடாமலே கூடினார்கள். நமக்கு நோட்டீஸ் தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு, மழை இல்லையென்றால், மருந்தீஸ்வரர் கோயிலுக்குக் கடற்கரைப் பக்கமுள்ள தெருக்களில் ஒத்திகை பார்க்கிறோம். வாகனப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் தெருவுக்கு ஓர் அடுப்பு. உங்கள் தெருவிலும் மூட்டுங்கள். செங்கல் எப்படி அடுக்குவது என்று தெரியாவிட்டால் எங்களைக் கூப்பிடுங்கள். வீட்டுக்கு அரை கிலோ அரிசி, ஓர் ஆழாக்குப் பாசிப்பருப்பு. மிளகு, சீரகம், இஞ்சி, நெய் எங்கள் பொறுப்பு. முந்திரி கொண்டுவருபவர்களைத் தடுக்க மாட்டோம். தட்டும் டம்ளரும் அவரவர் எடுத்து வர வேண்டும். மாடியில் தனியாக இருக்கும் ஒருவரையாவது கைபிடித்து அழைத்து வாருங்கள்.

இப்படிக்கு,
திருவான்மியூர்த் தெருவாசிகள் சிலர்