உத்தியோகமும் விடுமுறையும்: எப்போது சொல்வது?

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் பிள்ளைகள் உத்தியோகத்துக்கு மனுச் செய்யும்போது ஒரு சங்கடம் அடிக்கடி எழுகிறது. தை மாதத்தில் திருநெல்வேலியில் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும்; அல்லது தகப்பனாரை மதுரைக்குக் கண் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல நாள் குறித்திருக்கும். ரயிலில் இடமும் பதிவாகியிருக்கும். முன்பு 120 நாட்களாக இருந்த முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 60 நாட்களாகக் குறைந்துவிட்டது. ஆயினும் அந்த 60 நாட்களுக்குள்ளேயே பேட்டிக்கு அழைப்பும் வந்துவிடுகிறது. விடுமுறை வேண்டும் என்று இப்போதே சொன்னால் வேலை கைநழுவிப் போகுமோ? சொல்லாமல் சேர்ந்தால் கெட்ட பெயர் வருமோ? அன்பர்கள் சிலர் நம்மிடம் கேட்ட இக்கேள்விக்கு இம்மாதம் விடை கூற முயல்வோம்.

நம் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். மனுவில் இதை எழுத வேண்டியதில்லை. பேட்டியிலும் நாமாகத் தொடங்க வேண்டியதில்லை. "வேலை உமக்குத்தான்" என்று அவர்கள் சொன்ன பின்பு, "சம்மதம்" என்று நாம் சொல்லுமுன், இடையில் ஒரு வேளை இருக்கிறதல்லவா? அதுவே தக்க சமயம்.

காரணம் எளியது. பத்துப் பேரை எதிரில் வைத்து எடைபோடுகிற முதலாளிக்கு நம்முடைய திறமை இன்னும் தெரியாது. நாம் கேட்கும் நான்கு நாள் மட்டுமே பெரிதாகத் தெரியும். நம்மைத் தேர்ந்தெடுத்துவிட்ட பின்னரோ அந்த நான்கு நாள் சிறிதாகிவிடும். ஆனால் சம்மதித்துச் சேர்ந்து, பத்தாம் நாள் கல்யாணப் பத்திரிகையை நீட்டுவது, பந்தியில் உட்கார்ந்து இலையும் போட்ட பிறகு இன்று விரதம் என்பதைப் போன்றதாகும். அவருடைய வேலைத் திட்டம் குலையும். நம் சொல்லின் மதிப்பும் குறையும்.

இதற்கு இரண்டு விலக்குகள் உண்டு. "எப்போது வந்து சேர்வீர்?" என்று பேட்டியிலேயே கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். நம்முடைய நாள் பயிற்சி நாளோடு மோதுமானால் அதையும் அறிந்தவுடனே தெரிவிக்க வேண்டும். கேளாததைச் சொல்லாதிருப்பது வேறு; கேட்டபோது பொய் சொல்வது வேறு.

சாலைக் கடைத்தெரு போன்ற இடங்களில் இன்னும் ஒருவர் சொல்லித்தான் மற்றொருவர் வேலைக்குச் சேர்கிறார். அவ்வாறு சிபாரிசு செய்த பெரியவரிடம் விஷயத்தை முன்னதாகவே சொல்லி வைப்பது நல்லது. நாம் வாங்குவது வேலை. அவர் ஈடு வைப்பது தம் பெயர்.

சட்டம் தருவதையும் அறிந்து வைத்தல் நலம். 1960-ஆம் ஆண்டின் கேரளக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டப்படி, சம்பளத்தோடு கூடிய 12 நாள் ஆண்டு விடுமுறை, 12 மாதம் தொடர்ந்து வேலை செய்த பின்னரே கிடைக்கும். ஆனால் தகுந்த காரணத்துக்குரிய தற்செயல் விடுமுறை 12 நாள் வரையிலும், நோய் விடுமுறை 12 நாள் வரையிலும் முதல் வருஷத்திலேயே உண்டு. ஆகவே தங்கை கல்யாணத்துக்கு நான்கு நாள் கேட்பது பிச்சையன்று.

அரசாங்க உத்தியோகத்திலோ, விடுமுறையை உரிமையாகக் கோர முடியாது என்பதே விதி. வேலையின் அவசரத்தை முன்னிட்டு மேலதிகாரி மறுக்கலாம். எனவே சேரும் நாளையே தள்ளி வைக்க வேண்டுமானால், நியமன உத்தரவில் கண்ட கெடுவுக்குள் எழுத்து மூலம் அவகாசம் கேட்க வேண்டும். கெடு கடந்தபின் கேட்பது, வண்டி புறப்பட்ட பிறகு பிளாட்பாரத்துக்கு ஓடுவதுதான்.

பெண்மக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1989-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் உதவியாளராகத் தேர்வான நீரா மாத்தூர் என்னும் அம்மையார், நியமனத்துக்கு முன் ஓர் உறுதிமொழிப் படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது. மாதவிலக்கு, கர்ப்பம் பற்றிய கேள்விகளும் அதில் இருந்தன. சேர்ந்த சில மாதங்களில் அவர் பிரசவ விடுமுறை எடுத்தார். தகுதிகாண் காலம் முடியுமுன்னே, 1990-இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். படிவத்தில் உண்மையை மறைத்தார் என்பது கழகத்தின் வாதம். உச்ச நீதிமன்றம் தலையிட்ட பின் அவர் மீண்டும் பணியில் அமர்ந்தார். அத்தகைய கேள்விகள் பெண்ணின் கூச்சத்தையும் சுயமரியாதையையும் பாதிப்பவை; அவற்றைப் படிவத்திலிருந்து நீக்கிவிடுவதே நன்று என்று 1991-ஆம் ஆண்டுத் தீர்ப்பு கூறியது.

ஆகவே கல்யாண நாளைச் சொல்வது போலக் கர்ப்பத்தையும் பேட்டியில் சொல்லியாக வேண்டும் என்று எந்தச் சகோதரியும் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் ஒரு கணக்கை மறக்கலாகாது. பிரசவகாலச் சம்பளம் பெற, எதிர்பார்க்கும் பிரசவ நாளுக்கு முந்திய 12 மாதங்களில் அந்த நிறுவனத்தில் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த இவ்வுரிமை 2017-இல், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்ந்தது. வேலையில் சேரும் நாளை முடிவு செய்யுமுன் வீட்டில் காலண்டரை வைத்து எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, சொல்லும் முறை. கதை வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். "தங்கள் உத்தரவுக்கு நன்றி. தை மாதம் இன்ன தேதி முதல் நான்கு நாள் என் தங்கை திருமணத்துக்காக ஊர் செல்ல வேண்டியிருக்கிறது. சம்பளமில்லா லீவாயினும் சம்மதமே" என்று சுருக்கமாக எழுதி, ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொள்வது போதும். வாய்ச்சொல்லாக அனுமதி தந்த மானேஜர் மறுமாதமே மாற்றலாகிப் போகலாம்; காகிதம் பெட்டியில் இருக்கும்.

இவ்வளவு சொல்லியும் நான்கு நாளுக்காக வேலையே இல்லை என்பார்களானால், வீட்டார் கூடியிருந்து முடிவு செய்யட்டும். சம்பளம் மிகவும் தேவைப்படும் வீட்டில் அண்ணன் முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரவு ரயிலேறி, மறுநாள் மாலையே திரும்புவதும் உண்டு. அவ்வாறு நேர்ந்தால், "ஒரு நாள்தான் வந்தான்" என்று ஊரில் யாரும் குறை பேசாதிருப்பது உறவினர் கடமையாகும்.