ரூம் புக் பண்றதுக்கு முன்னாடி, டிரைவர் எங்க தூங்குவார்னு கேளுங்க

1/ லீவு வருது. "டாக்டர், பாண்டிச்சேரியில கார் பார்க்கிங்கோட நல்ல ரூம் இருந்தா சொல்லுங்க"ன்னு போன வாரம் மட்டும் மூணு பேர் இன்பாக்ஸ்ல கேட்டுட்டாங்க. ஓட்டல் பேர் எதுவும் சொல்லப் போறதில்லை. எப்படித் தேர்ந்தெடுக்கணும்னு மட்டும் சொல்றேன். நானே பட்டுத் திருந்துன கதை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ போன டிசம்பர். அப்பா, அம்மா, மனைவி, ரெண்டு பசங்க, தங்கச்சி, நான். மொத்தம் ஏழு பேர். ஆவடியில இன்னோவா பேசியாச்சு. சனிக்கிழமை விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பி, அவுட்டர் ரிங் ரோடு பிடிச்சு வண்டலூர், செங்கல்பட்டு, திண்டிவனம் வழியா பாண்டிச்சேரி. டிரைவர் அண்ணனுக்கு ஐம்பது வயசுக்கு மேல. நிதானமான கை. அம்மாவுக்கு முதல் டீக்கடையிலேயே அவரைப் பிடிச்சுப் போச்சு.

3/ ரூம் ஒயிட் டவுன்ல. பழைய பிரெஞ்சு வீடு, மஞ்சள் சுவர், உயரமான கதவு, காகிதப்பூ. போட்டோ பார்த்தே மனைவி ஓகே சொல்லிட்டாங்க. ஆப்ல "இலவச பார்க்கிங் உண்டு"ன்னு போட்டிருந்தது. போய் இறங்கினதும்தான் தெரிஞ்சது, பார்க்கிங்னா வாசல்ல இருக்கிற தெரு. அந்தத் தெருவுல ஏற்கெனவே ஈ நுழைய இடமில்லை. எதிர்வீட்டு கேட்ல "இங்கு வண்டி நிறுத்தாதீர்" பலகை வேற.

4/ இதுல யாரையும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அந்த ஊர் அப்படி. டச்சுக்காரங்க 1693-ல பிரெஞ்சுக்காரங்க கிட்ட இருந்து பாண்டிச்சேரியைப் பிடிச்சு 1699 வரைக்கும் வெச்சிருந்தப்ப போட்ட திட்டம்தான் அந்த நேர்கோட்டுத் தெருக்கள். 1761-ல இங்கிலீஷ்காரங்க ஊரை இடிச்சுத் தரைமட்டம் ஆக்கினதுக்கு அப்புறமும் அதே தெரு வரிசையில திரும்பக் கட்டினாங்க. பல்லக்கும் மாட்டு வண்டியும் போன தெரு. இன்னோவாவுக்கு இடம் விடலைன்னு அவங்களைக் கோவிச்சுக்க முடியுமா?

5/ அது போக, சாயங்காலம் 6 மணிக்கு பீச் ரோட்டுல வண்டியை நிறுத்திடுவாங்க. மறுநாள் காலை வரைக்கும் நடக்கிறவங்களுக்கு மட்டும்தான். நல்ல ஏற்பாடு, என் பசங்க ரோட்டு நடுவுல ஓடி விளையாடினாங்க. ஆனா அந்த நேரத்துக்குச் சுத்தியிருக்கிற எல்லாத் தெருவும் காரால அடைச்சுக்கும். அண்ணன் எங்களை இறக்கிவிட்டுட்டு, "நீங்க போங்க சார், நான் பார்த்துக்கறேன்"னார். "சரிண்ணா, நல்லா ரெஸ்ட் எடுங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன்.

6/ எங்க ரெஸ்ட் எடுப்பார்னு நான் கேட்கலை. ஓபியில உட்கார்ந்தா வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் "தூக்கம் எப்படி இருக்கு, பசி எப்படி இருக்கு"ன்னு கேட்கிற ஆள் நான். என் குடும்பத்தோட ஏழு உயிரைக் கையில வெச்சிருக்கிற மனுஷன்கிட்ட கேட்கலை.

7/ ஞாயிறு காலை ஆறு மணிக்குக் காலாற நடக்கப் போனேன். பழைய துறைமுகம் பக்கத்துல எங்க வண்டி நின்னுட்டு இருந்தது. ரெண்டு விரல் கடை அளவுக்கு கண்ணாடி இறக்கி, சீட்டைச் சாய்ச்சுப் போட்டுத் தூங்கிட்டு இருந்தார். கால் ரெண்டும் வீங்கியிருந்தது. எழுப்பிப் பேசினேன். கொசுக்கடியில மூணு மணிக்கு மேலதான் கண்ணசந்தாராம். ராத்திரி தண்ணியே குடிக்கலையாம். "குடிச்சா பாத்ரூம் போகணும் சார், எங்க போறது?" அவர் சர்க்கரை நோயாளி.

8/ அப்பவாவது புத்தி வந்துச்சான்னு கேட்டா, பாதிதான். ரூமுக்குக் கூட்டிட்டுப் போய்க் குளிக்க வெச்சு, டிபன் வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் ஊர் சுத்தப் போயிட்டோம். அவர்தான் ஓட்டினார். ராத்திரி எட்டரைக்கு ஊருக்குத் திரும்பினோம்.

9/ திண்டிவனம் தாண்டியாச்சு. எல்லாரும் தூக்கம். அம்மா மட்டும் முழிச்சிருந்தாங்க. வண்டி மெதுவா இடது பக்கம் சாயுது. திருப்பம் எதுவும் இல்லை. அம்மா "தம்பீ!"ன்னு போட்ட சத்தத்துல அவர் ஸ்டீயரிங்கை ஒடிச்சார். முன்னாடி ஓரமா ஒரு செங்கல் லாரி நின்னுட்டு இருந்தது. எவ்வளவு தூரம்னு சொல்ல மாட்டேன், இன்னிக்கும் நினைச்சா வயிறு கலங்குது.

10/ அடுத்து வந்த டீக்கடையில நிறுத்தினோம். முக்கால் மணி நேரம் அவரைப் படுக்க வெச்சுட்டு நான் கணக்குப் போட்டேன். சனிக்கிழமை அவர் எழுந்தது விடியற்காலை மூணரைக்கு. இப்ப ஞாயிறு ராத்திரி ஒன்பதரை. 42 மணி நேரத்துல தூங்கினது மூணு மணி நேரம், அதுவும் கார் சீட்டுல.

11/ இது அலட்சியம் இல்லை, உடல் கூறு. தொடர்ந்து 17 மணி நேரம் விழிச்சிருந்தாலே, ரத்தத்துல 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருக்கிறவர் அளவுக்குத் திறன் குறையும்னு 1990-களிலேயே ஆய்வுல காட்டிட்டாங்க. நம்ம நாட்டுல சட்டம் அனுமதிக்கிறது 30 மில்லிகிராம்தான். சட்டம் ஊதச் சொல்லும். தூக்கத்தை எந்த மெஷினும் ஊதிக் காட்டாது.

12/ 90 கிலோமீட்டர் வேகத்துல நாலு நொடி கண் சொருகினா, வண்டி 100 மீட்டர் போயிடும். காபியும் பாட்டும் அதைத் தள்ளிப் போடும், தீர்க்காது. தூக்கத்துக்கு மருந்து தூக்கம் மட்டும்தான்.

13/ காஷுவாலிட்டியில விபத்து கேஸ் வரும்போது கூட வந்தவங்க சொல்ற ஒரே வரி: "டிரைவர் தூங்கிட்டான் சார்." நாங்களும் எழுதிக்குவோம். முந்தின ராத்திரி அவர் எங்க படுத்தார்னு நோட்ல யாரும் எழுதறதில்லை. விபத்துக்கு முதல் 48 மணி நேர இலவச சிகிச்சை தர்ற 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தை 2021 டிசம்பர்ல இதே வழியில இருக்கிற மேல்மருவத்தூர்லதான் தொடங்கினாங்க. ரொம்ப நல்ல திட்டம். ஆனா அது அடிபட்டதுக்கு அப்புறம். அதுக்கு முன்னாடி இருக்கிற 48 மணி நேரம் நம்ம கையில.

14/ "அதான் பேட்டா கொடுக்கறோமே, ரூம் எடுத்துக்க வேண்டியதுதானே?" இதுக்கு பதில் சொல்லணும். நாம கொடுக்கிற நைட் பேட்டாவுக்கு சனிக்கிழமை பாண்டியில ரூம் கிடைக்காது. கிடைச்சாலும் அவர் எடுக்க மாட்டார். அந்தக் காசு பொண்ணு பீஸுக்குப் போகுது. அதனால காசா கொடுக்காதீங்க, கட்டிலா கொடுங்க. பேட்டா தனி.

15/ சட்டம் இருக்கான்னா, கொஞ்சம் இருக்கு. ஓட்டல், லாட்ஜ்ல தங்க வர்றவங்களோட டிரைவர்களுக்குப் படுக்கிற இடமும் கழிப்பறையும் இருக்கணும்னு தமிழக அரசு 2023-ல கட்டட விதிகளைத் திருத்துச்சு. வரவேற்கிறேன். ஆனா பாண்டிச்சேரி தனி யூனியன் பிரதேசம், இந்த விதி எல்லையோட நின்னுடும். ஒயிட் டவுன்ல இருக்கிற பழைய வீடுகள்ல காருக்கே இடமில்லை. அதனால நாமதான் கேட்கணும்.

16/ இப்ப நான் எப்படி புக் பண்றேன்:
– ஒயிட் டவுன்ல தங்கறதில்லை. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, அண்ணா சாலை பக்கமோ அதுக்கு வெளியிலயோ சொந்தக் காம்பவுண்டுக்குள்ள பார்க்கிங் இருக்கிற இடம். அண்ணா சாலையில இருந்து பீச்சுக்கு இருபது நிமிஷ நடை. முட்டி வலி உள்ளவங்களுக்கு ஆட்டோ.
– ஆப்பை நம்பாம போன் போட்டுக் கேட்பேன். "பார்க்கிங் உங்க இடத்துக்குள்ளயா, தெருவுலயா? டிரைவருக்குப் படுக்கையும் பாத்ரூமும் இருக்கா?"
– இல்லைன்னா அவருக்கு ஒரு சின்ன ரூம் என் பில்லுல. கட்டுப்படி ஆகலைன்னா எங்க ரூம்ல ஒரு படி இறங்கிக்குவோம்.
– திரும்பறது பகல்ல. கிளம்பறதுக்கு முன்னாடி அவர் முழு ராத்திரி தூங்கியிருக்கணும்.

17/ கட்டாயமா கார்லதான் படுக்கணும்னா, மூடின பேஸ்மென்ட்ல ஏசி போட்டுத் தூங்க விடாதீங்க. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்துலயே ஆளை முடிச்சுடும். சொந்தமா ஓட்டிட்டுப் போறவங்களும் மேல சொன்னதை உங்களுக்கே பொருத்திப் பாருங்க. அந்த டிரைவர் நீங்கதான்.

18/ நைட் டூட்டி பார்க்கிற எங்களுக்கு டூட்டி ரூமும் கட்டிலும் வேணும்னு நாங்க வருஷக்கணக்கா கேட்டுட்டு இருக்கோம். தூங்காத டாக்டர் ஆபத்துன்னு உங்களுக்கும் புரியுது. தூங்காத டிரைவரும் அதேதான்.

19/ அந்த அண்ணனோடதான் ஏப்ரல்ல திரும்பவும் போனோம். இந்தத் தடவை அவருக்குத் தனி ரூம். காலையில ஏழு மணிக்குக் குளிச்சு, விபூதி வெச்சு, பளிச்சுன்னு வந்து நின்னார். அம்மா முன் சீட்டுக்குப் பின்னாடி உட்கார்ந்து, வண்டலூர் வரைக்கும் நிம்மதியா தூங்கினாங்க.

டிராவல்ஸ்ல வண்டி பேசப் போற யாருக்காவது இதை அனுப்புங்க. பத்திரமா போயிட்டு வாங்க மக்களே.