கோப்பு யாரிடம் இருக்கிறது?

‘இச்சாதனம் பயன்பாட்டில் உள்ளது, இப்பொழுது அகற்ற இயலாது.’ கணிப்பொறியில் பென் டிரைவைச் செருகி, வேலை முடிந்ததும் எடுக்க முற்படுவோர் இத்தகைய அறிவிப்பை ஒருமுறையேனும் கண்டிருப்பர். நாம் திறந்தவற்றையெல்லாம் மூடிவிட்டோம். ஆயினும் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்றே பொறி சாதிக்கிறது. யாருடைய பயன்பாட்டில்? அதனை மட்டும் அது பெரும்பாலும் சொல்வதில்லை. பொறுமையிழந்து பிடுங்கி எடுத்துவிடுவோர் பலர். அவ்வேளையில் பாதி எழுதப்பட்ட கோப்பு பழுதாகிவிடக்கூடும். திருமண அழைப்பிதழோ, ஜமாஅத்தின் வரவு செலவுக் கணக்கோ, பிள்ளையின் கல்லூரி விண்ணப்பமோ, எதுவாயினும் இழப்பு இழப்புத்தான்.

அந்த வினாவுக்குரிய விடை கணிப்பொறிக்குள்ளேயே இருக்கிறது. அதனை முறையாகக் கேட்டுப் பெறும் வழி எவ்வாறு உண்டாயிற்று, அதனால் நமக்கு ஆகும் பயன் யாது என்பதையே இம்மாதம் காணவிருக்கிறோம்.

கெர்னல் என்னும் கணக்கர்

கணிப்பொறியில் ஒரே நேரத்தில் பல நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவ்வாறு ஓடும் நிரலைப் ‘புராசஸ்’ என்பர். நாம் அதனைப் ‘பணி’ என்று வழங்குவோம். இப்பணிகளுக்கு நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதும், அவை வேண்டும் கோப்புகளைத் திறந்து கொடுப்பதும், ஒன்றன் இடத்தில் மற்றொன்று கை வைக்காமல் காப்பதும் ‘கெர்னல்’ எனப்படும் மையப் பகுதியின் பொறுப்பு. ஒவ்வொரு பணிக்கும் அது ஓர் எண் வழங்குகிறது. அப்பணி யார் பெயரில் ஓடுகிறது, எப்போது தொடங்கியது, எவ்வளவு நினைவகத்தைப் பிடித்திருக்கிறது, எந்தெந்தக் கோப்புகளைத் திறந்து வைத்திருக்கிறது ஆகிய எல்லாம் அதன் ஏட்டில் இருக்கின்றன.

எங்கள் எட்டயபுரம் வட்டாரத்துக் கரிசல்காட்டு விவசாயிக்கு இதனை விளக்குவது எளிது. நிலம் யார் பெயரில் உள்ளது என்பதற்குச் சிட்டா. இவ்வாண்டு அதில் என்ன பயிர் நிற்கிறது என்பதற்கு அடங்கல். முற்காலத்தில் இவ்வேடுகள் கணக்கப்பிள்ளையின் கையில் இருந்தன. 1980ஆம் ஆண்டு அப்பரம்பரைப் பதவிகள் ஒழிக்கப்பட்டபின் கிராம நிர்வாக அலுவலரின் பொறுப்பில் வந்தன. மழை பொய்த்துப் பயிர்க் காப்பீடு கோரும்போது அடங்கல் வேண்டும். அதற்காக யாரும் பதிவேட்டு அறைக்குள் புகுந்து ஏடுகளைப் புரட்டுவதில்லை. கேட்கிறோம், நமக்குரியது எழுதிக் கையில் தரப்படுகிறது. கேட்பவர் சர்வே எண்ணைச் சொன்னால் போதும். ஏடு எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டுவதில்லை.

இந்த எளிய ஒழுங்கு கணிப்பொறி உலகில் தொடக்கத்தில் இல்லை என்றால் வியப்பாக இருக்கும்.

அறைக்குள் புகுந்து பார்த்த காலம்

1970ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான யூனிக்ஸ் இயங்குதளத்தில் ‘பிஎஸ்’ என்றொரு கட்டளை அமைந்தது. இப்பொழுது என்னென்ன பணிகள் ஓடுகின்றன என்பதைப் பட்டியலிட்டுக் காட்டுவது அதன் வேலை. அது கெர்னலிடம் கேட்கவில்லை. கெர்னலின் நினைவகத்தையே நேரடியாகத் திறந்து, பணிகளின் அட்டவணை இன்ன இடத்தில் இருக்கும் என்று கணக்கிட்டு, அங்கிருந்து எடுத்துப் படித்தது.

இதில் இரண்டு கேடுகள் இருந்தன. கெர்னலின் நினைவகத்தைப் படிக்க வல்லவன் எதையும் படிக்க வல்லவன். பக்கத்து இருக்கையில் இருப்பவர் தட்டச்சு செய்யும் கடவுச்சொல்லும் அந்நினைவகத்தின் வழியேதான் செல்கிறது. எனவே இத்தகைய நிரல்களுக்கு மட்டும் தனி உரிமை வழங்க வேண்டியதாயிற்று. அவ்வுரிமை பெற்ற நிரல் ஒன்றில் ஓட்டை இருப்பின், வீடு முழுவதும் திறந்து கிடப்பதற்கு ஒப்பாகும். இஃது ஒரு கேடு.

மற்றொன்று, கெர்னலைத் திருத்தியமைக்கும்போதெல்லாம் அட்டவணையின் அமைப்பும் மாறிவிடும். பழைய இடத்திலேயே தேடும் நிரல் பிழையான விடையை மெய்போல் அச்சிட்டுக் கொடுக்கும். அலமாரி மாற்றப்பட்டது அறியாதவன் பக்கத்து ஊர்ச் சிட்டாவை எடுத்து நம் கையில் கொடுத்ததுபோல!

1984ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டி. ஜே. கில்லியன் என்பார் இதற்கு ஓர் அழகிய தீர்வை முன்வைத்தார். ஓடும் பணிகளைக் கோப்புகளாகவே காட்டிவிடலாம் என்பது அவருடைய கருத்து. ‘புரோக்’ என்னும் பெயரில் ஓர் அடைவு. அதனுள் ஒவ்வொரு பணிக்கும் அதன் எண்ணே பெயராக அமைந்த ஒரு கோப்பு. யூனிக்ஸின் எட்டாம் பதிப்பில் இது இடம்பெற்றது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ், சில ஆண்டுகளுக்குள்ளாகவே இம்முறையை ஏற்று மேலும் விரித்தது. லினக்ஸில் ஒவ்வொரு பணிக்கும் ஒரு கோப்புக்குப் பதிலாக ஓர் அடைவே உண்டு. அதனுள் பணியின் நிலை, அதனைத் தொடங்கிய கட்டளை, அது திறந்து வைத்துள்ள கோப்புகள் ஆகியவை தனித்தனியே காணக் கிடைக்கின்றன.

இவை வட்டில் எழுதி வைக்கப்பட்டவை அல்ல. அளவைப் பார்த்தால் பெரும்பாலானவை சுழியம் என்றே காட்டும். நாம் படிக்க முற்படும் அந்நொடியில்தான் கெர்னல் தன் ஏட்டைப் பார்த்து விடையை எழுதித் தருகிறது. கேட்டபொழுது எழுதப்படும் நகல் என்பதால் பழைய செய்திக்கு அங்கு இடமில்லை.

நிரல் நூலகம் எதற்கு?

எல்லாம் எழுத்துகளாகவே கிடைக்குமாயின் இடையில் ஒரு நூலகம் எதற்கு என்ற ஐயம் எழலாம். ஈண்டு நூலகம் என்பது புத்தகசாலையன்று. பல நிரல்களுக்கும் பொதுவாகத் தேவைப்படும் வேலைகளை ஒருமுறை செவ்வையாக எழுதி, வேண்டுவோர் எடுத்தாளும்படி வைத்திருக்கும் தொகுப்பு அது. அதன் தேவையை மூன்று சிக்கல்களால் உணரலாம்.

முதலாவது, ‘ஸ்டாட்’ என்னும் கோப்பில் பணியின் பெயர் அடைப்புக்குறிகளுக்குள் தரப்படுகிறது. பெயருக்குள்ளேயே இடைவெளியோ அடைப்புக்குறியோ இருந்துவிட்டால், அவசரமாக எழுதப்பட்ட நிரல் அடுத்து வரும் எண்களையெல்லாம் இடம் மாற்றிப் படித்துவிடும். இறுதியாக வரும் அடைப்புக்குறி எது என்று தேடிப் படிப்பதே சரியான முறை.

இரண்டாவது, நாம் ஒரு பணியின் நிலையைப் படித்துவிட்டு அதன் கோப்புகளைப் படிக்கச் செல்வதற்குள் அப்பணி முடிந்து, அடைவே மறைந்துபோகலாம். அப்போது நிரல் திகைத்து நின்றுவிடலாகாது.

மூன்றாவது மிக நுட்பமானது. பணிகளின் எண்கள் மீண்டும் பயன்படுத்தப்படுகின்றன. லினக்ஸில் நெடுங்காலம் 32,768 என்பதே இயல்பான எல்லையாக இருந்தது. அதனை எட்டியதும் எண்ணிக்கை மீண்டும் கீழிருந்து தொடங்கும். எனவே சற்றுமுன் 4,210 என்ற எண்ணில் நாம் கண்ட பணியும் இப்பொழுது அவ்வெண்ணில் இருக்கும் பணியும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தொடங்கிய நேரத்தையும் ஒப்பிட்டே உறுதி செய்ய வேண்டும். எண் ஒன்றாயிருக்க ஆள் வேறாயிருப்பதைக் கவனியாமல் ‘இதனை நிறுத்து’ என்று கட்டளையிட்டால், குற்றமற்ற வேறொரு பணி நின்றுபோகும்.

இவற்றையெல்லாம் ஒவ்வொருவரும் புதிதாக எண்ணி எழுதிக்கொண்டிராமல், நூலகமே பொறுப்பேற்றுக்கொண்டால் பிழைகள் பெரிதும் குறையும். லினக்ஸில் ‘பிஎஸ்’, ‘டாப்’ போன்ற கட்டளைகளை உள்ளடக்கிய ‘புரோக்பிஎஸ்’ தொகுப்பு இத்தகைய நூலகத்தைத் தன்னுள் கொண்டுள்ளது. 2022இல் வெளிவந்த அதன் நான்காம் பதிப்பில் அந்நூலகம் முற்றிலும் புதிதாக எழுதப்பட்டது.

யூனிக்ஸின் மற்றொரு வழித்தோன்றலான ‘ஃபிரீபிஎஸ்டி’ இயங்குதளத்தில் ‘லிப்புரோக்ஸ்டாட்’ என்னும் நூலகம் உள்ளது. ஸ்டானிஸ்லாவ் செடோவ் என்பார் எழுதிய இது, 2012 ஜனவரியில் வெளிவந்த 9.0 பதிப்பில் முதன்முதலாக இடம்பெற்றது. கெர்னலிடமிருந்து பணிகளையும் அவை திறந்துள்ள கோப்புகளையும் பற்றிய செய்தியைப் பெற்றுத் தருவதே அதன் வேலை. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலிடம் முறைப்படி கேட்கலாம். பொறி நிலைகுலைந்து நின்றபோது சேமிக்கப்பட்ட நினைவகப் படியிலிருந்தும் பெறலாம். இறந்துபோன ஒரு தனிப் பணியின் எச்சத்திலிருந்தும் அறியலாம். மூலம் எதுவாயினும் கேட்கும் முறையும் பெறும் வடிவமும் பெரும்பாலும் ஒன்றே. கெர்னலின் உள்ளமைப்பு நாளை மாறினாலும் நூலகத்தைத் திருத்தினால் போதும். அதனை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் தத்தம் வேலையைத் தொடரும்.

நம் வீட்டு மடிக்கணினியில்

‘எங்கோ அமெரிக்காவில் நடந்ததால் நமக்கென்ன?’ என்று கேட்க வேண்டுவதில்லை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அவ்வாறு வந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் ‘பாஸ் லினக்ஸ்’ என்னும் இயங்குதளமும் பதியப்பட்டிருந்தது. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கமே ‘பாஸ்’. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி, 2007இல் வெளியிட்டது. ஆக, மேலே சொன்ன ‘புரோக்’ அடைவு நம் பிள்ளைகளின் கைகளுக்கு வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அதனைத் திறந்தும் பாராமல் விட்டவர்களும் உண்டு.

பரணில் கிடக்கும் அப்பழைய மடிக்கணினி இன்னும் இயங்குமாயின், லினக்ஸில் நுழைந்து ‘டாப்’ என்று தட்டச்சு செய்து பாருங்கள். பொறியை மந்தமாக்கும் பணி எது என்பது முதல் வரிசையிலேயே தெரிந்துவிடும். பென் டிரைவைப் பிடித்துக்கொண்டிருப்பது யார் என்பதை ‘ஃபியூசர்’ சொல்லும். திறந்திருக்கும் கோப்புகளின் முழுப் பட்டியலை ‘எல்எஸ்ஓஎஃப்’ தரும். இப்பிந்தையதை எழுதியவர் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விக்டர் ஏபெல்.

மற்றொரு பயனையும் சொல்ல வேண்டும். லினக்ஸில் ஒரு கோப்பை அழிப்பது என்பது முதலில் அதன் பெயரை நீக்குவதேயாகும். ஏதேனும் ஒரு பணி அதனைத் திறந்து வைத்திருக்கும் வரை, உள்ளடக்கம் வட்டில் அப்படியே இருக்கும். கோப்புகளை அழித்த பின்னரும் வட்டில் இடம் கிடைக்கவில்லையே என்று திகைப்போர்க்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இதிலேயே ஒரு நன்மையும் அடங்கியுள்ளது. ஒலிப்பதிவு ஒன்றை நிரல் இசைத்துக்கொண்டிருக்கும்போது கைதவறி அழித்துவிட்டோம் என்று கொள்வோம். அந்நிரலை மூடாமல், அதன் எண்ணுக்குரிய ‘புரோக்’ அடைவினுள் சென்று, திறந்த கோப்புகளின் வரிசையிலிருந்து அதனை நகலெடுத்து மீட்டுவிடலாம். பதற்றத்தில் பொறியை அணைத்துவிட்டால் அவ்வாய்ப்பும் போய்விடும்.

கேட்பதற்கும் எல்லை உண்டு

கேட்டால் கிடைக்கும் என்பதனால் எவரும் எதனையும் கேட்டுப் பெறலாம் என்று ஆகிவிடக்கூடாது. ஒருவருடைய பணி எந்தக் கோப்புகளைத் திறந்து வைத்துள்ளது என்பதை அவருக்கும் பொறியின் நிர்வாகிக்கும் மட்டுமே கெர்னல் காட்டும். ஆனால் பணியைத் தொடங்கிய கட்டளை வரியை, பொதுவான அமைப்பில், அப்பொறியைப் பயன்படுத்தும் எல்லாரும் காண இயலும். கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே சேர்த்து எழுதும் பழக்கம் சிலரிடம் உண்டு. பலர் பயன்படுத்தும் பொறியில் இது பூட்டின்மேல் சாவியைத் தொங்கவிடுவதற்கு ஒப்பானது. 2012இல் வந்த லினக்ஸ் கெர்னல் 3.3 பதிப்பில் இதற்கு ஒரு தடுப்பு சேர்க்கப்பட்டது. நிர்வாகி விரும்பினால், ஒவ்வொருவர்க்கும் அவரவர் பணிகள் மட்டுமே தெரியும்படி செய்துவிடலாம்.

பள்ளியிலோ, அலுவலகத்திலோ, கணிப்பொறி மையத்திலோ பலர்க்கும் பொதுவான பொறியை நிர்வகிப்போர் இதனை அறிந்து செயற்பட வேண்டும். பிறருடைய வேலையின் விவரம் நிர்வாகியின் கண்ணில் படுவது தவிர்க்க முடியாதது. ஆனால் அஃது அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அன்றோ!

நம் மேசைமேல் உள்ள பொறி நம் பெயரில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை அறிவது நம் உரிமை. அதனைப் பிறர் வீட்டுக் கதவை உடைக்காமலேயே அறியும் முறையைத்தான் இந்நூலகங்கள் வகுத்துத் தந்துள்ளன. இவற்றின் மூல நிரல்கள் யாவர்க்கும் திறந்தே கிடக்கின்றன. கட்டணமில்லை, படித்துப் பார்க்க எவருடைய பரிந்துரையும் வேண்டியதில்லை. எட்டயபுரத்திலும் கோவில்பட்டியிலும் கல்லூரி முடித்துக் கணிப்பொறித் தொழிலில் நுழைய விரும்பும் பிள்ளைகள், விலையுயர்ந்த பயிற்சி நிலையங்களைத் தேடுமுன் இவற்றைப் படித்துப் பார்ப்பது நலம். பெற்றோர் செய்ய வேண்டுவது ஒன்றே: பரணில் இருக்கும் மடிக்கணினியைப் பழைய இரும்புக்குப் போடுமுன், ஒருமுறை லினக்ஸில் இயக்கிப் பார்க்குமாறு பிள்ளையிடம் கொடுங்கள்.