செப்பேட்டில் இல்லாத மெட்டு

திருமலைக் கோயிலில் உண்டியலுக்கு அருகே இருக்கும் சின்னஞ்சிறு அறைக்குச் சங்கீர்த்தன பண்டாரம் என்று பெயர். தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரும் அவர் வழிவந்தவர்களும் இயற்றிய கீர்த்தனைகள் செப்பேடுகளில் வெட்டப்பட்டு, நூற்றாண்டுக் கணக்கில் அங்கே கேட்பாரற்றுக் கிடந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவற்றை வெளியே எடுத்துப் படித்தபோது, பாட்டின் தலைமாட்டில் ராகத்தின் பெயர் இருந்தது. கீழே சாகித்யம் இருந்தது. எப்படிப் பாடுவது என்பது மட்டும் இல்லை. 1408 முதல் 1503 வரை வாழ்ந்த அந்த மனிதர் 32,000 பாட்டுகள் கட்டினார் என்பது மரபு. கைக்குக் கிடைத்தவை 12,000க்குச் சற்று மேல். அவற்றில் ஒன்றையாவது அவர் பாடியபடியே பாடுகிறேன் என்று இன்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடுகிறவரை வாக்கேயக்காரர் என்று அழைத்த மரபு இது. ‘இண்டி ஆர்ட்டிஸ்ட்’ என்று இன்று சொல்லிக்கொள்கிறவர்களின் மூதாதை அவர்தான். பெனுகொண்டாவில் மன்னன் சாளுவ நரசிம்மன் தன்னைப் பற்றிப் பாடச் சொன்னதும், அன்னமாச்சாரியார் மறுத்ததும், விலங்கிடப்பட்டதும் பேரன் சின்னன்னா எழுதிய வரலாற்றில் வருகின்றன. அடுத்தவர் சொல்லிப் பாட்டுக் கட்ட மறுத்த பிடிவாதம் இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல.

மெட்டில்லாத அந்தப் பாட்டுகளுக்கு உயிர் கொடுத்தவர்கள் நம் காலத்தவர்கள். ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா தொடங்கிவைத்தார். நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி ரேவதியில் அமைத்த ‘நானாடி பதுகு’ எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலில் வீடுவீடாகப் போயிற்று. திருப்பதியிலேயே வாழ்ந்து 2025 மார்ச்சில் மறைந்த கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத் நூற்றுக்கணக்கான கீர்த்தனைகளுக்கு மெட்டமைத்தார். கேட்கிறவர் இவை எல்லாவற்றையும் ‘அன்னமய்யா பாட்டு’ என்றே சொல்வார். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் ‘இசைப் படைப்பு’ என்பதற்குள் சொற்கள் சேராது. வரி ஒரு படைப்பு, மெட்டு இன்னொன்று, ஒலிப்பதிவு மூன்றாவது. அன்னமாச்சாரியாரின் வரிகள் எல்லோருக்கும் பொது. 2014இல் மறைந்த நேதுநூரியின் மெட்டுக்கோ, ஆசிரியர் மறைந்த பின் 60 ஆண்டு என்ற கணக்கில், 2074 முடியும்வரை பாதுகாப்பு உண்டு. அந்த உரிமை இப்போது யார் கையில் என்பதைப் பழைய ஒப்பந்தங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது? ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் நடுவே உள்ள ஏர்பேடு என்ற ஊரை நினைத்துக்கொள்ளலாம். மலையாள சுவாமி 1926இல் நிறுவிய வியாசாசிரமம் ஒரு பக்கம், ஐ.ஐ.டி. வளாகம் மறுபக்கம், தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் புழங்கும் ஊர். அங்கிருந்து ஒருவர் ரேணிகுண்டா போய் ரயில் பிடித்துச் சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் தன் முதல் பாட்டைப் பதிவு செய்துவிட்டு இரவே திரும்பிவிடலாம். அல்லது வீட்டு மொட்டைமாடி அறையில் மெத்தையைச் சுவரோரம் சாய்த்து, ஒரு மைக்கும் மடிக்கணினியும் வைத்தே முடித்துவிடலாம். பாட்டை உண்டாக்குவது இத்தனை எளிதாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அது யாருடைய பாட்டு என்று நிரூபிப்பது மட்டும் எளிதாகவில்லை.

பெரும்பாலான சிக்கல்கள் பீட்டிலேயே, அதாவது மேலே பாடுவதற்கென்று தயாராகக் கிடைக்கும் இசையிலேயே, தொடங்குகின்றன. இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பீட்டை வாங்கியவர் அது தனக்கே சொந்தம் என்று நினைக்கிறார். அவர் வாங்கியது, விற்றவர் அதே பீட்டை இன்னும் ஐம்பது பேருக்கு விற்கக்கூடிய பொது உரிமம். அதன்மேல் பாடி, யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பதிந்துவிட்டால், அதே பீட்டை முறையாக வாங்கிய வேறொருவரின் பாட்டின்மேல் க்ளெய்ம் விழுகிறது. அல்லது அவர் முந்திக்கொண்டால் இவர்மேல் விழுகிறது. இரண்டு பேருமே நேர்மையானவர்கள். உரிமத் தாளை இரண்டு பேருமே படிக்கவில்லை.

பெரிய பெயர்களும் இதற்கு விலக்கல்ல. 2021 மார்ச் 7 அன்று வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’ சினிமாவுக்கு வெளியே பிறந்த தமிழ்ப் பாட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்டியது. அடுத்த ஆண்டு சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அது மேடையேறியபோது, பாட்டில் யாருடைய உழைப்பு எவ்வளவு என்று அதை உருவாக்கிய அறிவும் சந்தோஷ் நாராயணனும் தீயும் பொதுவெளியில் தனித்தனியே விளக்க வேண்டி வந்தது. வருமானத்திலும் உரிமையிலும் மூவருக்கும் சம பங்கு என்று சந்தோஷ் நாராயணன் அப்போது சொன்னார். 2024இல் அவரே, அந்தப் பாட்டிலிருந்து தங்கள் மூவருக்கும் ஒரு காசும் வரவில்லை என்று வீடியோவில் பேசினார். யார் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டின் கணக்கு, அதை உண்டாக்கியவர்களுக்கே தெரியாத இடத்தில் இருக்க முடியும் என்பதுதான் இந்த இதழின் வாசகர்களைத் தூங்கவிடாமல் செய்ய வேண்டிய செய்தி.

யாருக்கு எவ்வளவு என்ற குழப்பத்தைத் தவிர்க்க ஒரு தாள் போதும். தொழிலில் ‘ஸ்ப்ளிட் ஷீட்’ என்கிறார்கள். பங்கீட்டுத் தாள் என்று சொல்லலாம். மேலே பாட்டின் பெயர், தேதி, பதிவான இடம். கீழே கட்டங்கள்: வரி யாருடையது, எத்தனை சதவீதம், மெட்டு யாருடையது, எத்தனை, பீட் யாருடையது, எந்த உரிமம், மாஸ்டர் ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம், கோரஸ் பாடியவருக்குச் சம்பளமா, பங்கா. கடைசியில் எல்லோர் கையெழுத்தும். எழுத வேண்டிய நேரம், ஹெட்போனைக் கழற்றி வைத்து டீ வரக் காத்திருக்கும் அந்தப் பத்து நிமிடம். பாட்டு ஓடிய பிறகு இதை எழுத உட்கார்ந்தால் நட்பு மிஞ்சாது. “நம்ம பசங்கதானே, அப்புறம் பாத்துக்கலாம்ப்பா” என்று சொல்கிறவர் கெட்டவரல்ல. ஆனால் அந்த ‘அப்புறம்’ வரும்போது ஆளுக்கொரு நினைவு இருக்கும்.

பணம் இரண்டு வழியாக வருகிறது என்பதும் பலருக்குத் தெரியாமலே போகிறது. பாட்டை ஸ்பாட்டிஃபைக்கும் ஆப்பிள் மியூசிக்குக்கும் அனுப்பிவைக்கும் விநியோக நிறுவனம் ஒலிப்பதிவுக்கான பங்கை மட்டுமே தருகிறது. வரிக்கும் மெட்டுக்குமான ராயல்டி வேறு வாய்க்காலில் ஓடுகிறது. இந்தியாவில் அதை வசூலிப்பது 1969இல் தொடங்கி, 2017 நவம்பரில் பதிப்புரிமைச் சங்கமாக மீண்டும் பதிவான ஐ.பி.ஆர்.எஸ். அதில் உறுப்பினராகாத பாடலாசிரியர், விளைந்த வயலில் பாதியை அறுக்காமல் விட்டுவிட்டு வருகிறவர். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு அந்த ராயல்டியில் எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரிய பங்கை எந்தக் கம்பெனிக்கும் விட்டுக்கொடுக்க முடியாது; கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் செல்லாது.

ஸ்ட்ரீமிங் எண்ணிக்கையை மட்டும் நம்பி வீட்டு வாடகையைக் கணக்குப் போடக் கூடாது. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஓராண்டில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி இல்லை. செயலிகளும் நிலையானவை அல்ல. டிக்டாக் 2020 ஜூனில் தடையானது. இசைச் செயலிகளான ரெஸ்ஸோவும் விங்க்கும் 2024இல் இந்தியாவில் கடையைக் கட்டின. அங்கே திரட்டிய ரசிகர் கூட்டத்தை யாரும் மூட்டை கட்டி எடுத்துவர முடியவில்லை. ஏர்பேட்டுப் பாடகருக்கு நூறு பேரின் தொலைபேசி எண்ணும், பக்கத்து ஊர்த் திருவிழாவில் ஒரு மேடையும் அதைவிடப் பலம்.

ஒப்பந்தம் நீட்டப்படும்போது பார்க்க வேண்டியது பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதப்படாதவரை, அது காலாவதியாகிவிடும். ‘உலகம் முழுதும், என்றென்றைக்கும்’ என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் தவறாமல் இடம்பெறுவதற்குக் காரணம் இவற்றில் முதல் இரண்டு விதிகள்தான். அந்தச் சொற்களை அடித்துவிட்டு ஆண்டையும் நாட்டையும் எழுதச் சொல்லிக் கேட்கலாம். கேட்டதற்காகப் பாட்டு வேண்டாம் என்று சொல்கிற கம்பெனி குறைவு.

பதிப்புரிமை அலுவலகத்தில் வரிக்கோ மெட்டுக்கோ பதிவுக் கட்டணம் 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000. பதியாவிட்டாலும் உரிமை உண்டு. வழக்கென்று வந்தால் பதிவுதான் முதல் சாட்சி. மெட்டைப் பதிய ஸ்வரக்குறிப்பு எழுதத் தெரியாதவர்கள் ஊரில் ஸ்வரம் எழுதத் தெரிந்த வாத்தியாரை அழைத்து ஒரு மாலை உட்காரலாம். அன்னமாச்சாரியார் வீட்டில் அப்படி ஒரு மாலை நடந்திருந்தால், அந்த 12,000 பாட்டில் சிலவற்றையேனும் அவர் பாடியபடியே நாம் கேட்டுக்கொண்டிருப்போம்.