வெளியே அனல்! உள்ளே ஸ்வெட்டர்! கரண்டு யாருக்காகச் செலவாகிறது?

திருவானைக்காவல்:

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. கோவில் வாசலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை. காவிரிப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டால், இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

ஆனால் இதே ஊரில் ஒரு ஆபீசுக்குள் நுழைந்தால், கவுண்டரில் இருக்கும் அம்மா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ரசீது எழுதுகிறார்!

"என்னம்மா, காய்ச்சலா?" என்று கேட்டேன்.

"காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. ஏ.சி. நேரா தலை மேல ஊதுது. 18-ல வெச்சிருக்காங்க. கூட்டி வைங்கன்னா, மானேஜருக்கு வேர்க்குதாம்" என்றார்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயம் அல்ல இது. குளிரில் நடுங்குவதற்கும் பில் கட்ட வேண்டும்!

டிகிரிக்கு 6 சதவீதம்

ஏ.சி.யில் 1 டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் கரண்டு மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு சொல்லும் கணக்கு. 18-ஐ 24 ஆக்கினால் எவ்வளவு மிச்சம் என்று கடைக்கார வாசகர்களே பார்த்துக் கொள்ளலாம்.

2020 ஜனவரி முதல், நட்சத்திர முத்திரை உள்ள அறை ஏ.சி.க்கள் 24 டிகிரியில் வைக்கப்பட்டே வர வேண்டும் என்று உத்தரவும் இருக்கிறது. ஆனால் ரிமோட் யார் கையில்? அங்கேதான் கோளாறு.

ஒரே கட்டிடம், இரண்டு பாதி

கரண்டை மிச்சம் பிடித்தால் ஆட்கள் வேர்த்துக் கொட்ட வேண்டுமா? இல்லை என்கிறது ஐதராபாத்.

அங்கே இன்போசிஸ் நிறுவனம் 2011-ல் ஒரு ஆபீஸ் கட்டிடத்தைத் திறந்தது. அதைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான ஏ.சி. மறு பாதியில், கான்கிரீட் தளத்துக்குள் குழாய் பதித்துக் குளிர்ந்த தண்ணீரை ஓட விட்டார்கள்.

2 வருடம் மீட்டர் பார்த்தார்கள். குளிரூட்ட ஆன கரண்டு, குழாய்ப் பாதியில் 34 சதவீதம் குறைவு! வேலை செய்கிறவர்களையும் கேட்டார்கள். குழாய்ப் பாதியில் இருந்தவர்களுக்கே திருப்தி அதிகம்.

அறிக்கை 2014-ல் வெளிவந்தது. எழுதியதில் அந்தக் கம்பெனி என்ஜினீயரும் ஒருவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. வெயிலில் வந்து ஜம்புகேசுவரர் கோவில் பிரகாரத்தில் உட்காருங்கள். கருங்கல் தூண் உடம்புச் சூட்டை இழுத்துக் கொள்ளும். காற்று ஊதாமலே உடம்பு ஆறும். கல் செய்வதைத்தான் அங்கே கான்கிரீட் செய்கிறது.

6 ஆயிரம் பேர் சொன்னது

"நம்ம ஆளுக்கு 18 டிகிரி தேவையா?" என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சென்னை உள்பட 5 நகரங்களில் 16 ஆபீஸ் கட்டிடங்களுக்குப் போனார்கள். 6 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதில்களை வாங்கினார்கள். 2014-ல் முடிவு வந்தது.

வெளிநாட்டுக் கணக்கு "சூடு" என்று சொல்லும் இடத்திலும், நம் ஆட்கள் "பரவாயில்லை" என்றார்கள். வெயிலுக்குப் பழகிய உடம்பு. பருத்திச் சட்டை, சேலை. மேலே ஒரு மின்விசிறி சுற்றினால் போதும்.

அந்த விசிறிக்கு ஆவது 75 வாட் அளவுதான். ஒன்றரை டன் ஏ.சி.க்கோ சுமார் 1,500 வாட்!

மீட்டர் பேசும், ஆள்?

2009 முதல் ஆபீஸ் கட்டிடங்களுக்கும் நட்சத்திரம் தருகிறார்கள். வருடத்துக்குச் சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் என்பதுதான் அளவு. நல்லதுதான். ஆனால் அது பாதிப் பரீட்சை. உள்ளே இருப்பவர் நடுங்குகிறாரா, வேர்க்கிறாரா என்று அந்த நட்சத்திரம் கேட்பதில்லை.

அதைக் கேட்க லட்ச ரூபாய் மெஷின் வேண்டாம். ஒரு தாள் போதும். "குளிர்கிறதா, சூடா, சரியா?" என்று கோடையில் ஒரு தடவை, மழைக் காலத்தில் ஒரு தடவை கேட்டு, கரண்டு பில்லோடு சேர்த்துப் பார்க்கட்டும். பில் குறைந்து ஆள் வேர்த்தாலும் தோல்விதான். பில் ஏறி ஆள் நடுங்கினால் இரட்டைத் தோல்வி!

அரசு ஆபீஸ் பில் நம் வரிப்பணம். கம்பெனி பில் கடைசியில் நாம் வாங்கும் பொருளின் விலையில் ஏறும்.

கவுண்டர் அம்மாவின் ஸ்வெட்டரைக் கழற்ற ஒரு பொத்தானை 6 தடவை அழுத்தினால் போதும். அழுத்துவார்களா?